கடல் கடந்து செல்வோரும் அடாப்டரும்

மேற்படிப்பின் பொருட்டு அயல்நாடு செல்லும் மாணவர், புறப்படுமுன் கடைத்தெருவில் வாங்கும் சிறு பொருள்களுள் அடாப்டர் ஒன்றாகும். இச்சொல் நம் வழக்கில் இருபொருள் படுகின்றது. மடிக்கணினியின் சார்ஜரையும் அடாப்டர் என்பர்; அயல்நாட்டுச் சுவர்த்துளையில் நம் பிளக்கைப் பொருத்தும் துண்டையும் அடாப்டர் என்பர். முன்னது மின்சாரத்தின் இயல்பையே மாற்றும். பின்னது முனைகளின் வடிவத்தையன்றி வேறொன்றையும் மாற்றாது. இரண்டையும் ஒன்றென மயங்குவோர்க்குப் பொருட்சேதம் மட்டுமன்று, உயிர்க்கேடும் விளையக்கூடும். பின்னதற்கு 'மாற்றி' எனத் தமிழ்ப்பெயர் இடுவாருமுளர். அப்பெயர் மயக்கத்தை மிகுவிக்குமேயன்றிக் குறையாது என்பது எம் கருத்து.

நம் நாட்டு வீடுகளில் வழங்குவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். மூன்று உருண்டை முனைகளையுடைய நம் பிளக்கு, பிரிட்டனில் முற்காலத்தே வழங்கிய வடிவமாம். பிரிட்டன் 1947-இல் வெளியிட்ட புது நியமத்தின்படி தட்டை முனைகளும் தன்னுள்ளேயே ஃபியூசும் உடைய பிளக்கிற்கு மாறிற்று. நாமோ பழையதை விடாது பற்றிக்கொண்டோம். சிங்கப்பூரும் மலேசியாவும் புதியதைக் கொண்டன. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரண்டு உருண்டை முனைகளே. இவ்விடங்களிலெல்லாம் வடிவம் வேறாயினும் அழுத்தம் நம்முடையதை ஒத்ததே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்; அன்றியும் அந்நாடு தனக்குள்ளேயே இருகூறுபட்டு நிற்கின்றது. 1890களில் டோக்கியோ நகரம் ஜெர்மானிய மின்னாக்கிகளையும், ஒஸாகா நகரம் அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கின. அதன் பயனாக இன்றளவும் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தின் அலைவை எண்ணியே ஓடும் பழைய கடிகாரத்தை டோக்கியோவினின்று ஒஸாகாவிற்குக் கொண்டுபோயின், அது மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடும்!

கைப்பேசியின் சார்ஜருக்கு இவ்வேறுபாடுகளால் இடரில்லை. அதன் மேல் நுண்ணெழுத்தில் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' எனப் பொறித்திருத்தலைக் காணலாம். அது உட்புகும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, நொடிக்குப் பல்லாயிரமுறை துண்டித்து, சிறியதொரு மின்மாற்றியின் வழியே செலுத்தி, வெளிவரும் அழுத்தத்தை இடையறாது அளந்து திருத்திக்கொள்ளும். ஆதலின் 100 வோல்ட்டாயினும் 240 வோல்ட்டாயினும் கைப்பேசி பெறுவது அதே 5 வோல்ட்டேயாம்.

வெப்பம் தரும் கருவிகள் இத்தகையன அல்ல. அவற்றுள் அளந்து திருத்துவது யாதுமில்லை. வெப்பமோ அழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். நம் மின்சாரக் கெட்டிலை அமெரிக்காவில் பொருத்தின், கால்பங்கிற்குச் சற்றே மிகுந்த வெப்பமே கிட்டும். தேநீருக்காக நெடுநேரம் காத்திருத்தலன்றி வேறு கேடில்லை. மறுதலையே கொடிது. அமெரிக்காவினின்று மீள்வோர் அங்கு வாங்கிய 120 வோல்ட் கூந்தலுலர்த்தியை இங்கு அடாப்டர் கொண்டு பொருத்துவாராயின், அழுத்தம் இருமடங்கிற்குச் சற்றே குறைவெனினும், வெப்பம் மூன்றரை மடங்கிற்கும் மிகும். கருவி கையிலிருக்கும்போதே எரிந்துபோதல் கூடும். இத்தகைய கருவிக்கு வேண்டுவது கனத்த மின்மாற்றியே. அதைச் சுமப்பதினும், செல்லுமிடத்தில் வேறொன்று வாங்குதல் எளிது.

அழுத்தம் ஒத்திருப்பினும் கருதவேண்டுவது மற்றொன்றுண்டு. நம் பிளக்கின் தடித்த மூன்றாம் முனை எர்த் என்னும் நிலத்தொடர்பிற்கு உரியது. இஸ்திரிப்பெட்டியுள் கம்பி தளர்ந்து உலோகத்தைத் தொடுமாயின், மின்சாரம் இம்முனை வழியே நிலத்திற்குச் செல்லும். ஜெர்மனியில் இத்தொடர்பு துளையின் இருமருங்குமுள்ள உலோகப் பட்டைகளால் அமைகின்றது. மலிந்த அடாப்டர்கள் பலவற்றில் அப்பட்டைகளைத் தொடுதற்கு யாதுமில்லை. நம் மும்முனைப் பிளக்கு அதனுட் செவ்வனே பொருந்தும், கருவியும் இயங்கும், நிலத்தொடர்பு மட்டும் அறுந்திருக்கும். கம்பி தளரும் நாளில் பெட்டியைப் பிடித்த கையே மின்சாரத்திற்கு வழியாகிவிடும். ஆதலின் கருவியின் அடியில் சதுரத்துள் சதுரம் வரைந்த குறி உளதா என நோக்குக. உளதேல் அது நிலத்தொடர்பை வேண்டாது. இன்றேல், பக்கப்பட்டைகளைத் தொடும் உலோகம் அமைந்த அடாப்டரையே, விலை மிகினும், கேட்டு வாங்குக.