மனோமய காயமும் மனம் ஒடுங்கா இடரும்

கோலார் தங்கவயலில் ஞாயிறுதோறும் நாம் கூடிப் பயிலும் வகுப்பில், அண்மையில் இளைஞர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். உடலைக் கிடத்திவிட்டுச் சூக்கும உடலால் வெளியே உலாவும் வித்தையை அவர் ஒரு நூலைப் படித்து ஆறு திங்களாகப் பழகி வருகிறாராம். இரவில் மல்லாந்து படுத்து, கால்விரல் முதல் நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்த வேண்டும் என்பது அந்நூலின் விதி. அவ்வாறு செய்தால் பெரும்பாலான நாள்களில் உறங்கிவிடுகிறார். உறங்காத சில நாள்களில் உடல் மரத்து, காதில் இரைச்சல் எழுந்து, நெஞ்சு படபடக்க, விழித்துக்கொள்கிறார். “ஒடுக்கநிலை கைகூடவே இல்லை, என்பால் உள்ள குறை யாது?” என்பது அவர் கேள்வி.

வகுப்பில் ஓரிருவர் நகைத்தனர். நகைப்பு அடங்கியபின் அவர் தாழ்ந்த குரலில் மற்றொன்றும் கூறினார். அவருடைய தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்து, நுரையீரல் நோயுற்று மறைந்தவர். உயிர் பிரிந்தபொழுது மகன் அருகில் இல்லை. ஒருமுறையேனும் அவரைக் காண வேண்டும், அதற்காகவே இவ்வளவும். அதன்பின் எவரும் நகைக்கவில்லை. அன்று யாம் சுருங்கக் கூறிய விடையை, ஏனைய அன்பர்களுக்கும் பயன்படுமாறு இங்கு விரித்து எழுதுகிறோம்.

இவ்வித்தையின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். தமிழருக்கு உடலைவிட்டு நீங்குதல் புதிய எண்ணமன்று. இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில் திருமூலர் புகுந்த கதையை அறியாதார் இலர். அதனைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்பர். இக்காலத்தார் ‘ஆஸ்ட்ரல்’ என்னும் சொல்லால் குறிக்கும் சூக்கும உடல் யாத்திரையோ பெரும்பாலும் பிரம்மஞான சபையார் வழியாகப் பரவியது. 1875-இல் நியூயார்க்கில் தோன்றிய அச்சபை, 1882-இல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. அதன் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடுதான் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றார். இத்தொடர்பால், அவர்கள் கூறும் சூக்கும சரீரமும் நம் தம்மம் கூறும் மனோமய காயமும் ஒன்றே என மயங்குவோர் உளர். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை வழியே அச்சேற்றிய இவ்வூரிலும் அம்மயக்கம் இருத்தல் வியப்பே. இரண்டும் வேறு என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

முதற்கண் இளைஞரின் இடரை ஆராய்வோம். மனோமய காயம் சாமஞ்ஞபல சூத்திரத்தில் வருகிறது. இராசகிருகத்தில், சீவகரின் மாந்தோப்பில், முழுநிலா இரவில், அசாதசத்து மன்னன் கேட்ட கேள்விக்குப் பகவான் படிப்படியாக விடை கூறுகிறார். முதலில் சீலம்; பின்னர்ப் புலனடக்கம், நினைவுடைமை, உள்ளது கொண்டு நிறைதல்; அதன்பின் ஐந்து நீவரணங்களும் நீங்குதல்; அதன்மேல் நான்கு தியானங்கள். நான்காம் தியானத்தில் மனம் தூய்தாகி, மென்மையுற்று, அசைவற்று நின்ற பின்னரே, உறுப்புகள் எவையும் குறையாத வேறோர் உடலை மனத்தால் ஆக்குதல் பேசப்படுகிறது. புல்லின் உறையிலிருந்து தண்டை உருவுதல், வாளை உறையினின்று எடுத்தல், பாம்பைச் சட்டையினின்று பிரித்தல் என்பன அதற்கு உவமைகள். நம் இளைஞர் நாடும் பொருள் இவ்வளவு படிகளுக்கு அப்பால் உள்ளது. அவரோ உண்டு முடித்த கையோடு பாயில் படுத்து அதனை எட்ட முயல்கிறார்.

இனி, ஒடுக்கநிலை என்பதே தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. தன்னை மறந்து மயங்கிக் கிடத்தலே சமாதி என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அன்று. தியானம் மயக்கத்தின் மறுதலை. நான்காம் தியானத்தில் நினைவு முற்றும் தெளிந்து நிற்கும். உறக்கத்தின் வாயிற்படியில் தோன்றும் மரப்பும் இரைச்சலும் வேறு வகையின. கனவு மிகும் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்று நிற்பது இயற்கை. சிலவேளை, தசைகள் விடுபடுமுன்னரே மனம் விழித்துக்கொள்ளும். அப்போது கை கால் அசையா. நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்தாற்போல் இருக்கும். நம் பாட்டிமார் அதனை அமுக்குவான் பேய் என்றனர். பேயும் அன்று, சித்தியும் அன்று. உடலுக்கு வெளியே நின்று தன்னைத் தானே காணும் தோற்றமும் மூளையின் ஒரு செயலாகவே நிகழக்கூடும். 2002-இல் சுவிட்சர்லாந்தில் ஒலாஃப் பிளாங்கே என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், வலிப்பு நோய்க்காக ஆராயப்பட்ட ஒரு பெண்மணியின் மூளையில் வலப்பக்கத்து ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, தாம் மேலே மிதந்து கீழே கிடக்கும் தம் உடலைக் காண்பதாக அவர் உரைத்தார். இதனால் சூத்திரங்கள் கூறுவன யாவும் பொய் என்று யாம் முடிவு கட்டவில்லை. உடல் மரத்தவுடன், “இதோ வந்துவிட்டது” என்று நம்பிவிடலாகாது என்பதே யாம் கூறுவது.

உறக்கத்தைப் பற்றி இளைஞர் நாணத்தோடு கூறினார். நாணவேண்டுவதில்லை. இருத்திபலத்தில் தலைசிறந்தவர் எனப் பகவானாலேயே பாராட்டப்பெற்ற மொக்கல்லானர், துறவு பூண்ட தொடக்கத்தில் மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அமர்ந்தபடியே தூங்கி விழுந்தார். பகவான் அவரைக் கடியவில்லை. மருந்துகள் பல கூறினார். தூக்கம் தந்த எண்ணத்தை விடுக, கேட்ட தம்மத்தைச் சிந்திக்க, வாய்விட்டு ஓதுக, காதைப் பிடித்திழுத்து உறுப்புகளைத் தேய்க்க, எழுந்து கண்களை நீரால் கழுவி விண்மீன்களை நோக்குக, ஒளியை நினைக்க, முன்னும் பின்னும் நடக்க. இவ்வளவிற்கும் நீங்காவிடில், எழும் வேளையை மனத்திற்கொண்டு வலப்புறமாகப் படுத்து உறங்குக என்பதே இறுதி மருந்து. எத்துணை அருள்! 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம்மவரிற் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர். நம் இளைஞரும் அத்தகையவரே. பதினாறு மணிநேரம் உழன்ற உடலைப் படுக்கையில் கிடத்தி, “உறங்காதே, ஒடுங்கு” என்றால் அது கேளாது.

நெஞ்சு படபடத்தலுக்கு விடை உபக்கிலேச சூத்திரத்தில் உளது. கோசம்பியில் பிக்குகள் பூசலிட்டபோது பகவான் அவர்களை விட்டு நீங்கி, அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் மூவரும் உறைந்த வனத்திற்கு வந்தார். அவர்கள் ஒரு குறை கூறினர். தியானத்தில் ஒளி தோன்றுகிறது, உருவங்கள் தோன்றுகின்றன. ஆயின் விரைவில் மறைந்துவிடுகின்றன. காரணம் விளங்கவில்லை என்றனர். ஏறத்தாழ நம் இளைஞர் கேட்ட கேள்வியே இது. பகவான் அளித்த விடை எம்மை ஒவ்வொரு முறையும் நெகிழ்விக்கும். போதி அடையுமுன் தமக்கும் அவ்வாறே மறைந்தது என்றார்! மறையும்போதெல்லாம் காரணத்தைத் தேடி, ஒன்று கண்டு அதை நீக்க மற்றொன்று எதிர்ப்பட, பதினொரு இடர்களைக் கண்டதாக உரைத்தார். ஐயம், கருத்தின்மை, சோம்பலும் உறக்கமும், அச்சம், கிளர்ச்சி, உடற்பாரம், மிகு முயற்சி, குறை முயற்சி, ஏக்கம், பலவற்றை நாடும் எண்ணம், உருவங்களை அளவுகடந்து உற்றுநோக்கல் என்பன அவை.

இவற்றுள் மூன்று நம் இளைஞருக்கு உரியன. முதலாவது அச்சம்: வழிப்போக்கன் ஒருவன்மேல் இருமருங்கிலிருந்தும் கொலைஞர் பாய்ந்தாற்போல் என்பது உவமை. உடல் மரத்தவுடன், திரும்ப முடியாமற் போகுமோ என்று அவர் உள்ளம் நடுங்குகிறது. இரண்டாவது கிளர்ச்சி: ஒரு புதையல் தேடியவன் ஐந்தை ஒருங்கே கண்டாற்போல் என்பது உவமை, தங்கவயலாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மூன்றாவதே எல்லாவற்றிலும் வலியது. அது மிகு முயற்சி. காடையை இரு கைகளாலும் இறுகப் பிடித்தால் அது அங்கேயே மடியும். தளரப் பிடித்தால் பறந்துவிடும் என்கிறார் பகவான். ஆறு திங்களாக நம் இளைஞர் கையில் பல காடைகள் மடிந்தன.

பிடியைத் தளர்த்துவது எங்ஙனம் என்பார்க்கு நம் ஊரிலேயே ஒரு சான்று காட்டலாம். 1965-இல் இங்குச் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, சப்பானிய, ஆங்கில அறிஞர்கள் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டனர். அவர்கள் துகளைத் துரத்திப் பிடிக்கவில்லை. மற்றக் கதிர்களைத் தடுக்கும் அளவிற்குப் பாறை மேலே கவிந்த இடத்தில் கருவியை வைத்துக் காத்திருந்தனர். சீலமும் புலனடக்கமும் அப்பாறை போன்றன. பகலெல்லாம் சினந்தும் பொய்த்தும் குடித்தும் திரிந்துவிட்டு இரவில் ஒடுக்கநிலையை வேண்டுவோர், தரைமேல் கடைத்தெருவில் அக்கருவியை வைத்தவரை ஒப்பர். (நம் இளைஞர் குடிப்பவர் அல்லர், இது பிறருக்காகச் சொன்னது.)

இவையாவும் செய்தாலும் சித்தி கைகூடுமா எனின், விசுத்திமார்க்கம் ஒளிக்காமல் விடை தருகிறது. தொடக்கப் பயிற்சி, நிமித்தம் தோன்றுதல், தியானத்தில் நிலைத்தல், உருமாற்றம் என ஒவ்வொரு படியையும் நூற்றுவரில் அல்லது ஆயிரவரில் ஒருவரே கடப்பர் என்பது அந்நூலின் கணக்கு. இதனை எழுதிய புத்தகோசாசாரியர் நம் காஞ்சியிலும் தங்கியிருந்தவர். பத்து நாளில் கைகூடும் என்று விலைகூறி விற்கும் நூல்களை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க. அன்றியும், சந்தனப் பாத்திரத்துக்காக வானில் எழுந்து வித்தை காட்டிய பிண்டோல பாரத்துவாசரைப் பகவான் கடிந்து, இல்லறத்தார் முன் சித்தி காட்டலாகாது என விதித்ததையும் நினைக்க.

இனி, யாம் மிகவும் அஞ்சும் இடத்திற்கு வருகிறோம். வித்தை கைகூடாமற் போவதைவிட, கைகூடியதாக நம்பி, “உடலினின்று வெளியேறிய அதுவே நான், அதுவே அழியா ஆன்மா” என்று கொள்வதே பெருங்கேடு. நம் முன்னோர் எதனை விட்டு இத்தம்மத்திற்கு வந்தனரோ, அது பின்வாசல் வழியே மீண்டும் புகுந்துவிடும். பிறப்பு தோறும் மாறாத ஓர் ஆன்மா உண்டென்றும், அது தன் வினைக்கேற்ற குலத்தில் வந்து பிறக்கிறதென்றும் சொல்லித்தானே நம்மைத் தாழ்த்தினர்? பொட்டபாத சூத்திரத்தில் பருவுடல், மனோமய உடல், அருவம் ஆகிய மூன்றையும் தான் என்று கொள்வதைப் பகவான் எடுத்துரைத்து, மூன்றையும் விடுதற்கே தம்மம் உரைப்பதாகக் கூறுகிறார். பாலிலிருந்து தயிர், தயிரிலிருந்து வெண்ணெய், வெண்ணெயிலிருந்து நெய். பாலாயிருக்கும்போது அதனைத் தயிர் என்பாரில்லை. அவ்வவ்வேளைக்கு அவ்வப்பெயர், உள்ளே மாறாது உறையும் பொருள் ஒன்றில்லை. பிரம்மஞான சபையார் கூறும் சூக்கும சரீரம் ஒவ்வொருவர்க்கும் இயல்பாகவே அமைந்த ஒரு வாகனம். மனோமய காயமோ தியானத்தால் ஆக்கப்பட்டுக் காரணம் நீங்கியவுடன் மறைவது. வேறுபாடு இதுவே.

தந்தையாரைக் காணல் கூடுமோ என்பதற்கு எமது விடையை இளைஞர் முகத்தை நோக்கியே கூறினோம். மனோமய காயம் கைகூடினும், மறைந்தாரைக் காட்டும் என்று சூத்திரம் கூறவில்லை. உயிர்கள் மறைந்து பிறப்பதைக் காணும் அறிவு வேறு. அது திப்பசக்கு எனப்படும். வரிசையில் அதற்கும் பின்னர் வருவது. ஆகலின் காட்டுவோம் என்று யாரேனும் சொன்னால் நம்பற்க. மறைந்த உறவினருக்கு ஈந்தது சென்று சேருமோ என்று சானுச்சோணி என்னும் அந்தணர் பகவானைக் கேட்டார். பேதநிலையில் இருப்பார்க்குச் சேரும், ஏனைய நிலைகளிற் பிறந்தார்க்குச் சேராது. சேராவிடினும் ஈந்தவர்க்குப் பயன் உண்டு என்றார். மணிமேகலை வானில் செல்லும் மந்திரமும் வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் பெற்றாள். பெற்றபின் காயசண்டிகை உருவில் அவள் செய்தது பசித்தார்க்குச் சோறிட்டதே. தந்தையார் நினைவுநாளில், அவருடன் சுரங்கத்தில் இறங்கி இன்று இருமிக்கொண்டிருக்கும் முதியோர் சிலருக்கு உணவளித்து, அப்புண்ணியத்தை அவர்க்கு உரிமையாக்குக என்றோம். இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், அம்முதியோரின் வீடுகள் தமக்குத் தெரியும் என்றார்.

தியானத்தை விடுமாறு யாம் கூறவில்லை. இரவுப் படுக்கையை விடுத்து, வண்டிக்குப் புறப்படுமுன் முகம் கழுவி, முதுகு நிமிர்த்தி அமர்ந்து, மூச்சை எண்ணுக. எண்ணிக்கை ஐந்திற்குக் குறையாமலும் பத்தைத் தாண்டாமலும் இருத்தல் வேண்டும்; ஐந்திற்குக் குறைந்தால் மனம் நெருக்குண்டு துடிக்கும், பத்தைக் கடந்தால் மூச்சை மறந்து எண்ணையே பற்றும். கால்மணி நேரம் போதும். ஒளியோ மரப்போ தோன்றினால் வரவேற்கவும் வேண்டா, விரட்டவும் வேண்டா. அடுத்த எண்ணுக்குச் செல்க. அடுத்த ஞாயிறு இம்முறையை வகுப்பில் செய்துகாட்டுவோம். வருவோர் ஆளுக்கொரு விரிப்புக் கொணர்க.