நகரங்களுக்கு ரயில், கிராமங்களுக்குக் கார்

ஐரோப்பியப் பயணத்துக்குத் திட்டம் போடும்போது நாடுகளை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஓர் ஊருக்கு ஓர் இரவு என்று வைத்தால், காலையில் பெட்டி கட்டி, ஸ்டேஷனுக்கு ஓடி, மதியம் புது ஓட்டலில் அறை தயாராகும்வரை காத்திருந்து, நாள் அதிலேயே கரைந்துவிடும். எங்களோடு வரவிருந்த மாமியார், நான் நீட்டிய முதல் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பெட்டியைப் பிரிக்கிறதும் கட்டுறதுமாவே இருந்தா ஊரை எப்பப் பாக்குறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வோர் ஊருக்கும் குறைந்தது இரண்டு இரவு, பெரிய ஊருக்கு மூன்று என்று முடிவு செய்தோம். ஆம்ஸ்டர்டாமும் வெனிஸும் பட்டியலிலிருந்து போயின. மிச்சமிருந்த ஊர்களை நிதானமாகப் பார்த்தோம்.

எங்கள் வழி இது: பாரிஸ், லூசர்ன், செயின்ட் மோரிட்ஸ், பிளாரன்ஸ், டஸ்கனி கிராமங்கள், ரோம். பாரிஸில் இறங்கி ரோமில் விமானம் ஏறினோம். இறங்கிய ஊருக்கே திரும்பி வருவதாக இருந்தால் ஒரு நாளும் ஒரு நீண்ட ரயில் கட்டணமும் வீணாகும். விமான நிறுவனத்தின் தளத்தில் 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் தேடுங்கள். தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு.

இரவுக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. ஷெங்கன் விசா ஒன்றே பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றுக்கும் போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்த 6 மாதத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கிடைக்காமலும் போகலாம் என்பதால், ஓட்டல்களை ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே பதிவு செய்யுங்கள்.

ரயில் டிக்கெட்டில் எதை முன்கூட்டி வாங்குவது, எதை அன்றன்றைக்கு வாங்குவது என்று தெரிந்துகொண்டாலே பாதிச் செலவு கட்டுக்குள் வந்துவிடும். அதிவேக ரயில்களுக்கு விமானம்போல நாளாக நாளாக விலை ஏறும். பாரிஸிலிருந்து சூரிக்குக்கு 4 மணி நேரத்தில் போகும் டிஜிவி லிரியா, மிலானிலிருந்து பிளாரன்ஸுக்கு 2 மணி நேரத்தில் போகும் ஃப்ரெச்சாரோசா ஆகியவற்றை விற்பனை தொடங்கியதும் வாங்கிவிடுங்கள். மிலான்-பிளாரன்ஸ்-ரோம் தடத்தில் இத்தாலோ என்ற தனியார் நிறுவனமும் ஓட்டுவதால், இரண்டையும் ஒப்பிட்டு வாங்கலாம். இத்தாலியின் உள்ளூர் ரயில்களுக்கு ஒரே விலைதான், அன்றைக்கே வாங்கலாம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

யூரெயில் பாஸ் எல்லோருக்கும் லாபம் என்று நம்பி வாங்காதீர்கள். டிஜிவிக்கும் இத்தாலிய அதிவேக ரயில்களுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எங்களைப் போல நான்கைந்து நீண்ட பயணம் மட்டும் செய்கிறவர்களுக்குத் தனி டிக்கெட்டே மலிவு. சுவிட்சர்லாந்துக்குள் மட்டும் 'ஹாஃப் ஃபேர் கார்டு' வாங்கினோம். ஒரு மாதத்துக்கு ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் அது பாதிக் கட்டணம் வாங்கித் தந்தது.

செயின்ட் மோரிட்ஸிலிருந்து மலைகளினூடே இத்தாலிக்குப் போகும் பெர்னினா ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கண்ணாடிக் கூரை போட்ட பெர்னினா எக்ஸ்பிரஸில் முன்பதிவும் கூடுதல் கட்டணமும் கட்டாயம். அதே தண்டவாளத்தில், அதே மலைகளினூடே, சாதாரண சிவப்பு ரயிலும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கவும் முடியும். என் ஓட்டு சாதாரண ரயிலுக்குத்தான். செயின்ட் மோரிட்ஸிலிருந்து வருகிறவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள், மோர்ட்டெராட்ஷ் பனியாறும் லாகோ பியாங்கோ ஏரியும் அந்தப் பக்கம் வரும். ரயில் 2,253 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 430 மீட்டருக்குப் பல்சக்கரம் எதுவும் இல்லாமலே இறங்குகிறது. புரூசியோவில் ஒரு வட்டப் பாலத்தின்மேல் சுற்றி, தான் சற்றுமுன் கடந்த வளைவுக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. கடைசியில் இத்தாலிய எல்லை ஊரான திரானோவில், கோயில் வாசல் சதுக்கத்தைக் கார்களோடு கார்களாக டிராம் மாதிரி மெல்லக் கடக்கிறது. மாமியார் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. திரானோவில் சுவிஸ் நிலையமும் இத்தாலிய நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கோமோ ஏரிக்கரை வழியாக மிலானுக்கு இரண்டரை மணி நேரம்.

இந்த ரயில்களில் பெட்டியை யாரும் எடை போடுவதில்லை, தூக்கவும் யாரும் வருவதில்லை. ஒருவருக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். சாப்பாட்டுக்கு, பாரிஸில் கார் து நோர் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் மிக்ரோஸ், கோப் சூப்பர்மார்க்கெட்டுகள் கை கொடுக்கும்.

இனி கார். பாரிஸ், மிலான், பிளாரன்ஸ், ரோம் எதிலும் கார் ஒரு பாரம்தான். ஆனால் டஸ்கனியின் வால் தோர்ச்சா பள்ளத்தாக்குக்கு, பியென்சா, மொந்தால்சினோ, வெந்நீர்க் குளத்தையே ஊர்ச் சதுக்கமாகக் கொண்ட பான்யோ விஞ்ஞோனி போன்ற ஊர்களுக்குப் பேருந்து மிகக் குறைவு. பண்ணை வீடுகளில் தங்க நினைத்தாலும் கார் இல்லாமல் ஆகாது. அந்த நாட்களுக்கு மட்டும் எடுத்தோம். பிளாரன்ஸ் விமான நிலையத்தில் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ரோமுக்கு ரயில் ஏறினோம். ஊர் நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு டிராம் இருக்கிறது. ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் கட்டணம் எகிறும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு உரிமமும் வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். கார் பதிவாகியுள்ளவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையை அதில் முடக்கி வைப்பார்கள், டெபிட் கார்டு பல இடங்களில் எடுபடாது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். அதோடு வலது கையால் கியர் மாற்றவும் பழக வேண்டுமா? ஆட்டோமேட்டிக் வண்டி கேளுங்கள். எண்ணிக்கை குறைவு, முன்பே பதிவு செய்ய வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது என் கணவர் சாவியை வாங்க, நான் போனில் காணொளி எடுத்தேன். நான்கு பக்கம், நான்கு சக்கர விளிம்பு, கண்ணாடி, கூரை, எரிபொருள் முள், ஓடிய கிலோமீட்டர், எதையும் விடவில்லை. முன் இடச் சக்கர விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது, அவர்கள் தாளில் அது இல்லை. அதை எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போட்டோம். திருப்பிக் கொடுத்த அன்று அங்கிருந்த ஊழியர் நேராக அந்தச் சக்கரத்துக்கே போய்க் குனிந்து பார்த்தார். தாளையும் காணொளியையும் காட்டினோம், பேச்சு அத்தோடு முடிந்தது.

இத்தாலியில் கார் ஓட்டுகிறவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது மூன்றெழுத்து: இசட்.டி.எல். அதாவது, பழைய நகர மையங்களுக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை. பிளாரன்ஸ், சியெனா எல்லாவற்றிலும் உண்டு. சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகையும் கேமராவும்தான் அடையாளம், தடுக்க யாரும் நிற்க மாட்டார்கள். 'வார்கோ அத்திவோ' என்று ஒளிர்ந்தால் தடை அமலில் இருக்கிறது, உள்ளே போகாதீர்கள். கூகுள் மேப்ஸை மட்டும் நம்பாமல், ஊருக்கு வெளியே உள்ள நிறுத்துமிடத்தையே சேருமிடமாகப் போடுங்கள். நிறுத்துமிடங்களில் நீலக் கோட்டுக்குக் கட்டணம், வெள்ளைக் கோட்டுக்கு இலவசம், மஞ்சள் கோடு உள்ளூர்க்காரர்களுக்கு. சுங்கச் சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்ட வேண்டும். 'டெலிபாஸ்' என்ற தானியங்கிச் சுங்கக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான மஞ்சள் வரிசைக்குள் போய்விடாதீர்கள். பங்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல்.

இத்தாலிய அபராத நோட்டீஸ் வெளிநாட்டு முகவரிக்கு வந்து சேரப் பல மாதம் ஆகும், வாடகை நிறுவனம் தன் நிர்வாகக் கட்டணத்தைத் தனியாகக் கார்டில் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒப்பந்தத் தாள், நிறுத்துமிட ரசீது, வண்டியின் காணொளி எல்லாவற்றையும் ஊர் திரும்பிய பிறகும் ஓராண்டுக்குமேல் பத்திரமாக வைத்திருங்கள்.