கோயில் இருக்கு, கும்பிட முடியாது: கிரேக்கத்தில் புதுச் சன்னதிகள்



ஏதென்ஸ் நகரத்து ஒலிம்பிய ஜீயஸ் கோயிலை ஃபோட்டோல பார்த்திருப்பீங்க. டிக்கெட் வாங்கினா யார் வேணும்னாலும் உள்ளே போகலாம், செல்ஃபி எடுக்கலாம். ஆனா ஜீயஸை இன்னைக்கும் கடவுளா கும்பிடுறவங்க அங்கே தூபம் போட முடியாது. ஏன்னா அது தொல்லியல் தளம். 2007 ஜனவரியில ஒரு குழு தடையை மீறி அங்கே வழிபாடு நடத்தினது உலகச் செய்தியாச்சு. கி.பி. 391-92ல பேரரசர் தியோடோசியஸ் போட்ட தடைச் சட்டங்களுக்கு அப்புறம், அந்த மதத்துக்கு அரசு அங்கீகாரம் திரும்பக் கிடைச்சது 2017லதான்.

பழைய கோயில் கையில இல்லைன்னா புதுசா ஆரம்பிக்கணும். அதுக்குப் பெரிய கட்டடம் தேவையில்லைங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். பழைய கிரேக்க முறையில கோயில் கட்டடமே கட்டாயம் இல்லை. முக்கியமானது ரெண்டு: 'டெமெனோஸ்', அதாவது கடவுளுக்குன்னு எல்லை போட்டு ஒதுக்கின நிலம், அப்புறம் 'போமோஸ்', திறந்தவெளிப் பலிபீடம். எல்லைக்கல் நட்டு, கல் அடுக்கிப் பீடம் வெச்சாலே சன்னதிதான். வர்றவங்க கை கழுவத் தண்ணி வேணும். இப்போ படைக்கிறது பெரும்பாலும் பார்லி, தேன், பால், ஒயின், தூபம். வழிகாட்டிக் கடவுள் ஹெர்மீஸுக்கு இன்னும் சிம்பிள். அந்தக் காலத்துல பாதையோரக் கற்குவியலே போதும், வழிப்போக்கர் ஆளுக்கொரு கல் போட்டுட்டுப் போவாங்க.

ஆனா இடம் யாருடையதுன்னு முதல்ல பார்க்கணும். பொது நிலத்துலயோ, பழைய இடிபாட்டுக்கிட்டயோ கேட்காம வெச்சா, அடுத்த வாரமே அகற்றிடலாம். அதனால சொந்த நிலம், இல்லைன்னா உரிமையாளர் சம்மதிச்ச நிலம்தான் சரி.

வெச்சதுக்கு அப்புறம்தான் உண்மையான வேலை. (சாஃப்ட்வேர்லயும் அப்படித்தானே, ரிலீஸ் பண்றது ஒரு நாள், மெயின்டெனன்ஸ் பல வருஷம்!) பொது இடம்னா யாரும் வரலாம், கெடுக்கவும் செய்யலாம். இது பழைய கிரேக்கர்களுக்கும் தெரியும். கி.மு. 4ஆம் நூற்றாண்டுல ஏதென்ஸ் பகுதியில அப்போலோ கோயில் ஒண்ணுல கல்வெட்டே வெச்சாங்க: இங்கே மரம் வெட்டக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது, உதிர்ந்த இலையைக்கூட எடுத்துட்டுப் போகக் கூடாது. மீறினா சுதந்திரக் குடிமகனுக்கு 50 திராக்மா அபராதம், அடிமைக்கு 50 சவுக்கடி. தண்டனையில நியாயம் இல்லை. ஆனா விதியை எல்லாரும் படிக்கிற மாதிரி கல்லுலயே எழுதி வெச்சது நல்ல யோசனைன்னு நினைக்கிறேன்.

அடுத்த சிக்கல், குவியுற காணிக்கை. கடவுளுக்குக் கொடுத்தது கடவுளோடது, குப்பையில போட முடியாது. அந்தக் காலத்துல பழைய மண்பொம்மை, உடைஞ்ச பாத்திரம் எல்லாத்தையும் எல்லைக்குள்ளேயே குழி தோண்டிப் புதைச்சாங்க. இன்னைக்கு மியூசியத்துல இருக்கிற எத்தனையோ பொம்மைகள் அப்படிப்பட்ட குழியில கிடைச்சதுதான். புதுச் சன்னதிக்கும் அதே வழி சரிப்படும், களிமண், மரம், பூ மட்டும் வந்தா. பிளாஸ்டிக் மாலை வந்தா அதை எங்கே புதைக்கிறது?