பணம் வேண்டாம் என்ற அரசு

கேள்வி: பன்னாட்டு நிறுவனங்களிடம் உரிய வரியை வசூலிக்கவே முடியாதா?

பதில்: முடியும். ஆப்பிள் வழக்கே சாட்சி. ஐரோப்பாவில் ஈட்டிய லாபத்தை அயர்லாந்து துணை நிறுவனத்தின் கணக்கில் காட்டி, அதில் பெரும்பகுதியை ஊழியரோ கட்டடமோ இல்லாத ஒரு 'தலைமையக'த்துக்கு ஒதுக்கியது அந்நிறுவனம். 2014இல் அந்தத் துணை நிறுவன லாபத்துக்கு விழுந்த வரி 0.005 சதவீதம். அதாவது, பத்து லட்சம் யூரோவுக்கு வெறும் ஐம்பது யூரோ! 1,300 கோடி யூரோவை வசூலிக்க 2016இல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. அந்தப் பணம் வேண்டாமென்று அயர்லாந்து அரசே வழக்காடியதுதான் கொடுமை. முதலீடு போய்விடுமோ என்ற பயம்! 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை உறுதிசெய்தது. நாடுகள் போட்டிபோட்டு வரியைக் குறைப்பதைத் தடுக்கத்தான், 15 சதவீதக் குறைந்தபட்ச வரிக்கு 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் இசைந்தன. அதில் எந்த வல்லரசின் நிறுவனங்களுக்கும் விலக்கு தரக் கூடாது.