ஓசைக்கும் ஒரு வாசல் வேண்டும்: வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிய ஒரு பாடம்



கடை நடத்துகிறவனுக்கு இரண்டு குரல்கள் உண்டு. முன்கடையில் வாடிக்கைக்காரரிடம் பேசும் குரல் ஒன்று. உள்ளறையில் சரக்குக் கொடுப்பவரிடமும் கடன் வாங்கியவரிடமும் பேசும் குரல் மற்றொன்று. இவ்விரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு நம் முன்னோர்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரையாவது தொங்கவிட்டிருந்தார்கள். இன்று நம் வீடுகளில் குடியேறிவிட்ட கம்ப்யூட்டருக்கோ திரையும் தெரியாது, தாழ்ப்பாளும் தெரியாது. எந்த ஓசை எந்த வழியே வெளிவர வேண்டும் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லி வைக்காவிட்டால், அது தனக்குத் தோன்றிய வழியில் விட்டுவிடும். இந்தப் பாடத்தை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பினாங்கில் நமது ஜவுளிக்கடை கீழேயும் குடியிருப்பு மாடியிலும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் மாடியில் முன்னறையில் இருக்கிறது. பற்றுவரவுக் கணக்கெல்லாம் அதில்தான். அதனால் கணக்கைப் பார்த்துக்கொண்டே பேசுவதற்குச் சௌகரியமாக, வெளியூர்க்காரர்களுடன் பேசுவதையும் அதிலேயே வைத்துக்கொண்டோம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசினால் பக்கத்திலிருப்பவருக்கும் கேட்காது என்பது நமது நம்பிக்கை.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் கடையில் நல்ல கூட்டம். தைப்பிங்கில் சிறு கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் அப்போது அழைத்தார். நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவர். "காக்கா, இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க" என்று தொடங்கினார். திடீரென்று நம் காதில் சத்தம் நின்றுவிட்டது. லைன்தான் சரியில்லை போலும் என்று எண்ணி "ஹலோ, ஹலோ, சத்தமாப் பேசுங்க" என்றோம். அவரும் பாவம், உரக்கப் பேசினார். உதடுகள் அசைவது தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை. இப்படி மூன்று நான்கு நிமிஷம் போயிருக்கும். கடைப்பையன் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "மொதலாளி, அவரு பேசுறதெல்லாம் கடையிலே கேக்குது!" என்றான்.

நடந்தது இதுதான். பாட்டுக் கேட்பதற்காக நம் மகன் இரண்டு நாள் முன்பு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கம்ப்யூட்டருடன் இணைத்திருந்தான். பிறகு அது கீழே கடைக்குப் போய்விட்டது. பையன் அதன் பொத்தானை அமுக்கியதும், அது தன் பழைய உறவை நினைத்துக்கொண்டு மாடியிலிருந்த கம்ப்யூட்டருடன் சேர்ந்துகொண்டது. கம்ப்யூட்டரும் புது விருந்தாளிக்கு முதல் மரியாதை செய்து, ஓசை முழுவதையும் அதற்கே அனுப்பிவிட்டது. அவர் மனைவியின் நோயும், மருத்துவச் செலவும், பாக்கித் தொகை எத்தனை வெள்ளி என்பதும் பெருநாள் துணி எடுக்க வந்தவர்கள் காதில் விழுந்தன. அவர்களில் ஒருவர் அவருடைய சம்பந்தி வீட்டார்.

இனி, இதைத் தடுக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம் அங்கத்தினர் பலரிடமும் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர் ஆகையால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

முதற்பாடம்: வாசல்களை எண்ணுங்கள்

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஓசை வெளியேறும் வழி ஒன்றுதான் என்று நினைப்பது தவறு. உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர், ஹெட்போன் செருகும் துளை, டெலிவிஷனுக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயர், யூ.எஸ்.பி. ஹெட்போன், புளூடூத் என ஐந்து வழிகள்கூட ஒரே வீட்டில் இருக்கலாம். டெலிவிஷனுக்குப் போகும் வயர் படத்தோடு ஓசையையும் கொண்டுபோகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திரையின் கீழ்ப்பட்டையில் வலது ஓரத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதன்மேல் வலது பொத்தானை அமுக்கி 'சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால், 'அவுட்புட்' என்ற தலைப்பின்கீழ் வாசல்கள் வரிசையாக நிற்கும். பெயர்கள் நமக்கு விளங்காத நம்பரும் எழுத்துமாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து 'ரீநேம்' என்பதை அமுக்கி, 'மாடி ஹெட்போன்', 'கடை ஸ்பீக்கர்', 'ஹால் டிவி' என்று நமக்குப் புரியும் பெயரை இடுங்கள். பெயரில்லாத மூட்டையைக் கிடங்கில் அடுக்கினால் என்ன ஆகும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பாடம்: பொது ஓசை வேறு, பேச்சு வேறு

விண்டோஸில் முதன்மை வாசல் இரண்டு விதமாக வைக்கப்பட்டிருக்கிறது. 'டிஃபால்ட் டிவைஸ்' என்பது பாட்டு, படம், மணியோசை முதலியவற்றுக்கு. 'டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' என்பது பேச்சுக்கு. சவுண்ட் செட்டிங்ஸின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால் பழைய பாணிச் சிறு பெட்டி ஒன்று வரும். அதில் 'பிளேபேக்' என்ற பக்கத்தில் வேண்டிய வாசலின்மேல் வலது பொத்தானை அமுக்கினால், இரண்டையும் தனித்தனியே குறிக்கலாம். பேச்சுக்கு ஹெட்போனையும் மற்றவற்றுக்குச் சிறு ஸ்பீக்கரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பக்கம் ஒன்றும் உண்டு. பேச்சு வரும்போது மற்ற ஓசைகளை 80 சதவீதம் குறைப்பது என்று அதில் முன்பே குறித்திருக்கும். பேசத் தொடங்கியதும் பாட்டு ஏன் தானாகத் தாழ்கிறது என்று வியந்தவர்களுக்கு விடை இதுதான். வேண்டாதவர்கள் 'டூ நத்திங்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் பாடம்: ஒவ்வொரு செயலிக்கும் தனி வழி

முதன்மை வாசலை மட்டும் நம்பியிருந்தால் போதாது. புதிதாக ஒன்று வந்து சேர்ந்ததும் அந்த இடம் மாறிவிடக்கூடும் என்பதை மேலே கண்டோம். ஆகையால் பேசும் செயலிக்குத் தனி வழி அமைத்துவிட வேண்டும். சவுண்ட் செட்டிங்ஸில் 'வால்யூம் மிக்ஸர்' என்பதைத் திறந்தால் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் பெயர்கள் தெரியும். பெயரை விரித்து, அதன் 'அவுட்புட் டிவைஸ்' என்ற இடத்தில் ஹெட்போனைக் குறியுங்கள். ஓசை எழுப்பாத செயலி அப்பட்டியலில் வராமலிருக்கலாம். அதை முதலில் திறந்து சற்று ஒலிக்க விடுங்கள். இந்த வசதி 2018-ஆம் ஆண்டு விண்டோஸ் 10-இல் வந்தது. விண்டோஸ் 10-க்குரிய பொதுப் பராமரிப்பு 14-10-2025-இல் முடிந்துபோனாலும், அதை இன்னும் வைத்திருப்போர் சவுண்ட் செட்டிங்ஸின் அடியில் இதைக் காணலாம்.

ஜூம் போன்ற செயலிகளுக்குள்ளேயே ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே 'சேம் அஸ் சிஸ்டம்' என்று விட்டுவைக்காதீர்கள். ஹெட்போனின் பெயரையே குறியுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: வால்யூம் மிக்ஸரில் குரோம் என்பது ஒரே செயலிதான். அதில் பிள்ளையின் வகுப்பு ஒரு பக்கத்திலும் பாட்டு மறு பக்கத்திலும் திறந்திருந்தால் இரண்டுக்கும் வாசல் ஒன்றே. வகுப்பைக் குரோமிலும் பாட்டை எட்ஜ் அல்லது ஃபயர்ஃபாக்ஸிலும் திறந்தால் வேறுவேறு வாசல் வைக்கலாம். எல்லாம் குழம்பிப்போனால் 'ரீசெட்' என்பதை அமுக்கி முதலிலிருந்து தொடங்கலாம்.

நான்காம் பாடம்: புளூடூத்தின் குணம்

புளூடூத் ஸ்பீக்கர் ஏறக்குறைய 10 மீட்டர் தூரத்துக்கு எட்டும். பலகைத் தளம் போட்ட நம் பழைய கடைவீடுகளில் மாடிக்கும் கீழுக்கும் அது எட்டிவிடுகிறது. அதைக் கடைக்கே வைத்துக்கொள்வதானால், அவுட்புட் பட்டியலில் அதன் பெயரைத் திறந்து 'டோன்ட் அலவ்' என்று குறித்துவிடுங்கள். பிறகு யார் பொத்தானை அமுக்கினாலும் கம்ப்யூட்டர் அதற்கு ஓசை தராது. வேண்டும்போது 'அலவ்' என்று திருப்பிக்கொள்ளலாம்.

புளூடூத் ஹெட்போனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பாட்டு மட்டும் கேட்கையில் ஓசை தெளிவாக இருக்கும். அதிலுள்ள மைக்கையும் பயன்படுத்தத் தொடங்கியதும் பழைய டெலிபோன்போல் மங்கிவிடுவது பலவற்றின் வழக்கம். பழுது என்று கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம். மைக்கை மட்டும் கம்ப்யூட்டரின் சொந்த மைக்காக மாற்றினால் தெளிவு திரும்பிவிடும். விண்டோஸ் 10-இல் இவ்விரு முகங்களும் 'ஸ்டீரியோ' என்றும் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்றும் தனித்தனியே தெரியும்.

ஐந்தாம் பாடம்: ஒரே ஓசை, இரண்டு இடம்

ஊரில் நடக்கும் நிக்காஹ்வை ஹாலில் ஆண்களும் உள்ளறையில் பெண்களும் ஒரே நேரத்தில் கேட்க விரும்புகிறோம். விண்டோஸில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' பெட்டியின் 'ரெக்கார்டிங்' பக்கத்தில், முடக்கப்பட்டவற்றையும் காட்டச் சொன்னால் சில கம்ப்யூட்டர்களில் 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்பது வரும். அதை இயக்கி, அதன் 'லிசன்' பக்கத்தில் இரண்டாம் வாசலைக் குறித்தால் இரண்டிலும் கேட்கும். மேக் கம்ப்யூட்டரில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற செயலியில் 'மல்டி அவுட்புட் டிவைஸ்' ஒன்றை உண்டாக்கி, வேண்டியவற்றில் குறியிட்டால் போதும். ஆனால் விசைப்பலகையின் சத்தம் கூட்டும் பொத்தான் அப்போது வேலை செய்யாது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனியே திருக வேண்டும். இரண்டில் ஒன்று புளூடூத் ஆனால் அதன் ஓசை சற்றுப் பிந்தி வந்து எதிரொலிபோல் கேட்கும். ஒரே கூடத்தில் இரண்டையும் வைக்காமலிருப்பது நலம்.

கடைசியாக ஒரு பழக்கம்

இவ்வளவும் செய்த பிறகும் ஹெட்போன் வயர் கழன்றுவிட்டால் ஓசை முதன்மை வாசலுக்கே திரும்பும். ஆகவே முதன்மை வாசலாக எப்போதும் நம் மேஜைமேல் இருக்கும் சிறு ஸ்பீக்கரை வைத்து, சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். அந்தரங்கப் பேச்சுக்கு முன்னால் ஸ்பீக்கர் படத்தை ஒருமுறை திறந்து எந்தப் பெயரில் குறி நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் விண்டோஸ், கண்ட்ரோல், வி ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினாலும் அந்தப் பட்டியல் வரும். பேச்சின் நடுவே காதில் சத்தம் நின்றால், 'சத்தமாகப் பேசுங்கள்' என்று நம்மைப்போல் சொல்லிவிடாதீர்கள். முதலில் பேச்சைத் துண்டியுங்கள். பிறகு ஓசை எங்கே போயிற்று என்று தேடுங்கள்.

கல்லாப்பெட்டியைப் பூட்டாமல் எவரும் கடையைவிட்டு எழுந்து போவதில்லை. அதில் இருப்பது நம் பணம். பிறர் நம்மை நம்பிச் சொன்ன சொல்லோ அமானிதம். அது தொலைந்தால் நம் கைப்பணத்தைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

பெருநாள் கழிந்ததும் தைப்பிங்குக்குப் போய் அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க வேணும்னு செய்யலையே காக்கா" என்று சொல்லித் தேநீர் கொடுத்தார். இரண்டு மாதத் தவணைக்கும் முன்பாகவே பாக்கியைத் தீர்த்தும்விட்டார். ஆனால் அன்று முதல் இன்றுவரை அவர் நம்மை அழைத்துப் பேசுவதில்லை. ஒரு சிறு சமாசாரம் என்றாலும் பஸ் ஏறி வந்து, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போகிறார்.

நம் வாசக நேயர்கள் எவருக்கும் இந்நிலை வர வேண்டாம். இன்றிரவு கடையடைத்த பின் பத்து நிமிஷம் ஒதுக்கி, வீட்டுக் கம்ப்யூட்டரின் வாசல்களை எண்ணிப் பெயரிட்டு வையுங்கள்.