நடனக்கூடத்தில் ஒரு கித்தார்

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாண வரவேற்பில் கித்தார் வாசிக்கக் கூப்பிட்டார்கள், போகவா வேண்டாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். ஆட்களை ஆடவைக்கிற வாசிப்பெல்லாம் சங்கீதமாகுமா என்பதுதான் உன் தயக்கம். பெர்லினில் வாழ்ந்த கோகோ ஷூமனைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

1924இல் பிறந்தவர். தாய் யூதர். கித்தாரைத் தானாகவே கற்றுக்கொண்டார். ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையை நாஜிகள் வெறுத்த நாட்களில், யூதர்களுக்கு விதித்த மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்திக்கொள்ளாமல் பெர்லின் இரவு விடுதிகளில் வாசித்தார். 1943இல் பிடித்துக்கொண்டு போனார்கள். தெரேசியென்ஷ்டாட் முகாமில் கைதிகள் நடத்திய 'கெட்டோ ஸ்விங்கர்ஸ்' குழுவில் டிரம்ஸ் அடித்தார். மறுவருடம் ஆஷ்விட்ஸ் முகாம். அங்கே 'லா பலோமா' மெட்டை அவர் வாசிக்க, பிள்ளைகள் அவரைக் கடந்து விஷவாயு அறைக்கு நடந்தார்கள். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

1945இல் விடுதலை. பெர்லினுக்குத் திரும்பியவர் மறுபடி கித்தாரை எடுத்தார். ஜெர்மனியில் மின் கித்தாரை முதலில் வாசித்தவர்களில் அவரும் ஒருவர். அது பெரிய மாற்றம், தம்பி. ஊதுகருவிகள் நிறைந்த நடனக் குழுவில் சாதாரணக் கித்தாரின் ஒலி அமுங்கிவிடும். தாளத்துக்குக் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்கள், போடுவதே அதன் வேலை. ஒலிபெருக்கி வந்தபின்தான் அதனால் தனித்துப் பாட முடிந்தது. ஷூமன் வயலின் கலைஞர் ஹெல்முட் சக்காரியாஸுடன் வாசித்தார். 1950இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய், 1954இல் ஊர் திரும்பினார். பிறகு நடனக்கூடங்கள், வானொலி, தொலைக்காட்சி, உல்லாசக் கப்பல்கள் என்று எங்கே கூப்பிட்டாலும் வாசித்தார்.

முகாமைப் பற்றிப் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. வாழ்க்கைக் கதை நூலாக வந்தது 1997இல்தான். முகாமில் இருந்த இசைக்கலைஞன் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டார். இசை வாசிக்கும் முகாம் கைதி என்ற அடையாளத்தை ஏற்கவில்லை. அந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். சாவுக்கு வாசிக்கவைத்த கைகளால், மற்றவர்கள் ஜோடி சேர்ந்து ஆடுவதற்காக அவர் வாசித்தார். அதைச் சில்லறை வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது. முதுமையில் சொந்தமாக நால்வர் குழு அமைத்து ஜாஸ் வாசித்து, 2018இல் தமது 93வது வயதில் காலமானார்.

வரவேற்புக்குப் போ. டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடி. நான்கு அடிக்கும் கார்டு போட்டவுடன் இடக்கை விரல்களை லேசாகத் தளர்த்து. நாதம் இழுபடாமல் 'சக்' என்று நிற்கும். வேகம் கூடுகிறதா என்ற சந்தேகம் வந்தால், ஆடுகிறவர்களின் கால்களைப் பார்.

அன்புடன்,
அண்ணன்