மலைக்குப் போகுமுன் சரீரத்தை ஆயத்தப்படுத்துங்கள்



தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரிப்பீர்கள். "செப்டம்பர் வர இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, பாஸ்டர் அதுக்குள்ள வில்லைத் தூக்கிட்டாரு" என்று வீட்டில் பேச்சு வரும். பரவாயில்லை. நம் டென்வர் சபையில் எல்க் மான் வேட்டைக்கு வில்லோடு போகிறவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். இந்த வருஷம் இன்னும் மூன்று சகோதரர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்துக் கார்டு வாங்கியிருக்கிறார்கள். மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மூவரும் நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். எந்த வில் வாங்கலாம், எந்த அம்பு நல்லது, எந்த பூட்ஸ் நல்லது என்று என்னிடம் மணிக்கணக்காய்க் கேட்டார்கள். "மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதே, அதுக்கு என்ன செய்ய?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பாடம்.

முதலாவது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சபையில் இதுவரை நான் சொன்னதில்லை.

2019-ம் வருஷம் எனக்கு 41 வயது. என்னோடு வேலை செய்கிற ஒரு பெரியவர் என்னை ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதிக்கு அழைத்துப்போனார். கொலராடோவின் வடமேற்கில் இருக்கிற இடம் அது. அமெரிக்காவிலேயே எல்க் மான்கள் அதிகமாய் உள்ள மாநிலம் நம்முடையது. அதிலும் பெரிய மந்தை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் ஊர் மிளாவைப் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன், எல்க் அதற்கு அண்ணன். ஒரு கிடா 300 கிலோ இருக்கும். செப்டம்பர் அதற்கு இணைசேரும் காலம். விடியற்காலையில் அது கூவுகிற சத்தம் புல்லாங்குழலை யாரோ ஓங்கி ஊதினதுபோலக் கேட்கும். ஒருமுறை கேட்டவன் மறக்கமாட்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேட்டுக்கு அந்தப்புறம் ஒன்று கூவியது. நாங்கள் நின்ற இடமே 10,000 அடிக்கு மேல். பெரியவர் மெதுவாய் ஏறினார். நானோ வேகமாய் ஏறினேன், ஓடினேன் என்றே சொல்லலாம். உச்சிக்குப் போனால் 35 கெஜத்தில் கிடா பக்கவாட்டில் நிற்கிறது! என் கைக்கடிகாரம் இருதயத் துடிப்பை 168 என்று காட்டியது. வில்லை இழுத்தேன். குறிமுள் அதன் தோளிலிருந்து தொடைவரைக்கும் ஊஞ்சல் ஆடியது. அந்த நேரத்தில் வில்லை இறக்கிவிடுகிற புத்தி எனக்கு இல்லை. விட்டேன். அம்பு நுரையீரலுக்கு வெகு பின்னால், குடலில் பட்டது.

இரவு வரைக்கும் காத்திருந்து, டார்ச் வெளிச்சத்தில் தேடி, மறுநாள் பகல் முழுவதும் தேடினோம். ஆஸ்பென் இலைகளின்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாய் ரத்தத் துளி. மத்தியானம் மழை பெய்து அதையும் கழுவிவிட்டது. அந்த மிருகம் கிடைக்கவேயில்லை. எங்கே படுத்து, எவ்வளவு நேரம் வேதனைப்பட்டுச் செத்ததோ, அது ஆண்டவருக்கே தெரியும். வீட்டுப் பின்புறத்தில் அதே 35 கெஜத்தில் ஐந்து அம்பையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடிக்கிறவன் நான். கை தவறவில்லை, பிரியமானவர்களே. மூச்சு தவறினது.

அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. அதன் முனையிலுள்ள கூர்மையான அலகு வெட்டி, ரத்தம் போய்த்தான் மிருகம் சாகும். இரண்டு நுரையீரலிலும் பாய்ந்தால் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு சாண் பின்னால் போனால் மணிக்கணக்கான வேதனை. ஆகவே வில்வேட்டைக்காரனுடைய சரீர பெலன் அவனுடைய சொந்த விஷயம் அல்ல. எதிரே நிற்கிற ஜீவனுடைய விஷயம்.

உடனே ஒரு விசுவாசி தீமோத்தேயுவைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். சரீர முயற்சியால் வரும் பிரயோஜனம் கொஞ்சமே என்று பவுல் எழுதியிருக்கிறாரே, பாஸ்டர்? ஆமாம், எழுதியிருக்கிறார். கொஞ்சம் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா? நம்மில் அநேகர் அந்த வசனத்தைச் சோபாவில் சாய்ந்துகொண்டுதான் மேற்கோள் காட்டுகிறோம்.

நடக்கத் தொடங்குமுன் டாக்டரிடம் போங்கள். நம் தெற்காசிய ஜனங்களுக்கு இருதய நோயும் சர்க்கரையும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. ஒல்லியாய் இருக்கிறவர்களுக்கும் வருகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால், மலையேறப்போகிறேன் என்று டாக்டரிடம் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். தேவையென்றால் டிரெட்மில் பரிசோதனை வைப்பார். ரோட்டிலிருந்து ஐந்து மைல் உள்ளே, போன் எடுக்காத இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது விசுவாசமல்ல.

அடுத்தது மூச்சும் கால்களும். 2019-க்குப் பிறகு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாரத்தில் நான்கு நாள், 45 நிமிஷம், மேடு உள்ள தெருவில் நடந்தேன். எவ்வளவு வேகம்? 121-ம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடப்பேன். எட்டு வசனத்தையும் வசனத்துக்கொரு மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நடு வசனத்தில் திணறினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாய்ப் போகலாம். வீண் அவசரத்தில் ஓடி இரண்டு வாரத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மெதுவான நீண்ட நடைதான் இருதயத்துக்கு அஸ்திபாரம் போடும். அது மூன்று மாதம் ஆனபிறகு, வாரத்தில் ஒரு நாள் மாத்திரம் செங்குத்தான மேட்டில் ஒரு நிமிஷம் வேகமாய் ஏறி, நடந்து இறங்கி, மறுபடியும் ஏறுங்கள்.

படிகள் வேண்டுமானால் நமக்கு ரெட் ராக்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. கீழேயிருந்து மேலே 380 படிகள். அது எளிதாகிவிட்டால் மானிட்டூ இன்க்ளைன். பழைய ரயில்பாதை இருந்த இடம் அது. 2,700-க்கும் மேற்பட்ட படிகள், ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஏறக்குறைய 2,000 அடி உயரம். நான் முதல்தடவை போனபோது பாதியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஏறின ஒரு பாட்டியம்மா கொடுத்த ஆரஞ்சுப் பழத்தைத் தின்றேன். வெட்கமாய் இருந்தது, ஆனாலும் பழம் நன்றாயிருந்தது. அந்தப் படிவழியாய் இறங்காதீர்கள். பக்கத்துக் காட்டுப்பாதை இருக்கிறது.

இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறும்போது இருதயம் வேலை செய்யும். இறங்கும்போது தொடைத்தசை பிரேக் பிடிக்கும். மறுநாள் கக்கூஸில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் அழுவது ஏறினதினால் அல்ல, இறங்கினதினால்தான். ஆகவே வேண்டுமென்றே இறக்கத்தில் நடந்து பழகுங்கள், முதலில் சுமையில்லாமல்.

சுமைக்கு நான் கண்டுபிடித்த வழி அரிசி. நம் இந்தியக் கடையில் 20 பவுண்டு பொன்னி அரிசிப் பை கிடைக்கிறதல்லவா? அதை முதுகுப்பையில் வைத்துத் துண்டால் சுற்றி, தோள்பட்டைக்குச் சமமாய் உயர்த்திக் கட்டினேன். அதற்கு முன்னே பத்து பவுண்டில் இரண்டு வாரம். பிறகு வாரத்துக்கு ஐந்து பவுண்டுக்கு மேல் கூட்டவில்லை. ஆகஸ்டில் ஐம்பது வந்தது. "வீட்ல சமைக்க அரிசி இல்ல, நீங்க மலைக்குத் தூக்கிட்டுப் போறீங்க" என்றாள் என் மனைவி. முழங்கால் வலிக்கிறவர்கள் அரிசிக்குப் பதில் தண்ணீர்க் கேன்களைச் சுமக்கலாம். ஒரு கேலன் எட்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். உச்சியில் ஊற்றிவிட்டு வெறும் கேனோடு இறங்கலாம். இதில் ஒரு வேடிக்கை: கால் பவுண்டு இலேசான வில் வேண்டுமென்று ஆயிரம் டாலர் கொடுக்கிறோம். வயிற்றில் இருபது பவுண்டு சுமக்கிறோமே, அதைக் குறைக்க ஒரு காசும் செலவில்லை. இரண்டாம் தட்டுச் சோற்றை விட்டால் போதும்.

உபவாச நாட்களில் சுமையோடு ஏறாதீர்கள். அன்று ஜெபத்துக்கு நாள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் எந்த நாளிலும் பையில் மிட்டாய் இல்லாமல் நடக்க வேண்டாம்.

இனி வில். நம் மாநிலச் சட்டப்படி வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். நான் 60-ல் இழுக்கிறேன். காம்பவுண்ட் வில்லின் சக்கரங்கள் சுழன்று கடைசியில் பாரம் குறைந்துவிடும். 80 சதவீதம் குறைகிற வில்லில், முழுவதும் இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். கஷ்டமெல்லாம் இழுக்கிற அந்த ஒரு விநாடியில். இப்படிச் சோதித்துப் பாருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராய் நீட்டி, நேராகவே பின்னால் இழுங்கள். வானத்தைப் பார்த்துத் தூக்கித்தான் இழுக்க முடிகிறது என்றால் அது உங்களுக்கு அதிகம். கடையில் கொடுத்து ஐந்து பவுண்டு குறையுங்கள். பெருமைக்காக இழுத்துத் தோள்மூட்டைக் கிழித்துக்கொண்டால் அந்த வருஷமே போயிற்று. இழுக்கவேண்டியது கையல்ல, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவிலுள்ள முதுகுத்தசை. ரப்பர் பட்டையை வைத்து வீட்டிலேயே அதைப் பழக்கலாம். இழுத்தபடியே அரை நிமிஷம் அசையாமல் நிற்கவும் பழகுங்கள். மான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் நீங்களும் நிற்கவேண்டியதுதான்.

மூச்சையும் வில்லையும் சேர்த்துப் பழகுவதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். இருபது தடவை உட்கார்ந்து எழுந்து, தெருமுனை வரை ஓடிவந்து, உடனே ஒரே ஒரு அம்பு. இரண்டாம் அம்பு கிடையாது. எங்கே பட்டது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு அதேபோல் ஓடிவந்து, நான்கு முறை மூச்சை நீளமாய் வெளியே விட்டு ஒரு அம்பு. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்! என் நோட்டில் 40 கெஜத்தில் மூச்சிறைக்கும்போது தட்டுக்கு வெளியே போனது பாதி. ஆகவே மலையில் என் எல்லை 30 கெஜம். அதற்கு அப்பால் எவ்வளவு அழகான கிடா நின்றாலும் பார்த்துவிட்டு வருவேன். மூச்சு அடங்காவிட்டால் 15 கெஜத்திலும் விடமாட்டேன்.

உயரத்தை அசட்டை பண்ணாதீர்கள். டென்வரில் நாம் 5,280 அடியில் வாழ்கிறோம். அது கொஞ்சம் உதவி. ஆனால் 10,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஏழு பங்கே. ஹூஸ்டனிலிருந்து வருகிற நம் உறவுக்காரச் சகோதரர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: இரண்டு மூன்று நாள் முன்னமே வந்து இங்கே தங்குங்கள். 8,000 அடிக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இறைத்தால், இருமல் விடாமல் வந்தால், நடை தள்ளாடினால், ராத்திரியானாலும் உடனே கீழே இறங்குங்கள். அதற்கு முதல் மருந்து இறங்குவதுதான்.

கடைசியாய் இறைச்சி. நீதிமொழிகள் 12-ம் அதிகாரத்தில் வேட்டையாடியும் அதைச் சமைத்துச் சாப்பிடாத சோம்பேறி ஒருவன் வருகிறான். அவனுக்கு ஒருவேளை தூக்கிவர முழங்கால் இல்லையோ என்று நான் நினைப்பதுண்டு. ஒரு பெரிய கிடாவில் எலும்பு நீக்கின இறைச்சி ஏறக்குறைய 220 பவுண்டு வரும். ஒருவன் 55 பவுண்டு சுமந்தால் நான்கு நடை. கார் மூன்று மைல் தூரத்தில் நின்றால் கணக்குப் போடுங்கள்: சுமையோடு நான்கு முறை, வெறும் பையோடு திரும்ப மூன்று முறை, மொத்தம் 21 மைல். செப்டம்பர் மத்தியானம் வெயில் அடிக்கும், இறைச்சி காத்திருக்காது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது நம் மாநிலத்தில் சட்டப்படி குற்றம். எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதை உங்கள் கால் தீர்மானிக்கட்டும், மானின் கூவல் அல்ல. 2022-ல் எனக்கு ஒரு பெட்டை கிடைத்தபோது மூன்று பேர் இருந்தோம், கார் ஒன்றரை மைலில் நின்றது. அப்படியும் இருட்டும்வரை வேலை இருந்தது. அந்த ஐக்கிய விருந்துப் பிரியாணியைச் சாப்பிட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கொழுப்பில்லாத இறைச்சி, அதிகம் வேகவைத்தால் ரப்பர். அன்று நம் சகோதரிகள் பக்குவமாய் இறக்கினார்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சபை வாசலிலிருந்து ரெட் ராக்ஸ் புறப்படுகிறோம். வேட்டைக்குப் போகாதவர்களும், சகோதரிகளும் வரலாம். பழைய பூட்ஸையும் கனத்த சாக்ஸையும் போட்டுக்கொண்டு வாருங்கள். புதுச்செருப்பில் கொப்புளம் வந்தவர்களை நான் சுமக்கமாட்டேன். அரிசிப் பையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரவும். முதல் வாரம் பத்து பவுண்டு மாத்திரம்.